நினைவகம் குறைந்த கணினிகளின் பிழை அறிக்கை

நினைவகம் குறைந்த பழங்கணினிகளில் இயங்கும் மென்பொருளின் குறைகளைப் பயனர் தெரிவிக்க, ஆக்கியோர் ஆராய்ந்து நீக்கும் முறை. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பலவும், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளத்தை ஏந்திச் செங்கற்பட்டு முதல் மாமல்லபுரக் கடற்கரைவரை பரவியமையின், இப்பொருள் இவ்வட்டாரத்துக்கு அந்நியமன்று.

நினைவகம் நிரம்பியதும் லினக்ஸ் கரு, வட்டிலுள்ள இடமாற்றுப் பகுதியை நாடி, அதுவும் தீர்ந்தால் ஏதேனும் ஒரு நிரலைத் தானே பலியிட்டு எஞ்சியவற்றைக் காக்குமாதலால், 'உலாவி திடீரென மறைந்தது' என்னும் முறையீட்டில் உலாவியே குற்றவாளி என்று முடிவுகட்டுதல் அவசரமாகும். கருவின் பதிவேட்டில் அப்பலியின் குறிப்பு உளதா என்று காண்பதே முதற் கடமை. ஆதலின் அறிக்கையில் நினைவகம், இடமாற்றுப் பகுதி இவற்றின் அளவும், மென்பொருளின் பதிப்பும், பிழையை மீண்டும் தோற்றுவிக்கும் கிரமமும் அவசியம். புதுக்கணினி வாங்குமாறு விடையிறுத்து அறிக்கையை முடித்துவிடுவது (அதனைப் பரிகாரமென்று கொள்வாரும் உளர்) நியாயமன்று. ஏனெனில் நினைவகத்தைப் பெற்றுத் திருப்பித் தராத கசிவு, பெரிய கணினியில் பல நாள் மறைந்திருந்து, சிறியதிலேயே விரைவில் வெளிப்படும்.

நினைவகக் குறையைத் தணிக்கும் வகையில், 2014-இல் வெளிவந்த லினக்ஸ் 3.14, தரவை நினைவகத்துக்குள்ளேயே சுருக்கிவைக்கும் இசட்ரேமை ஏற்றது. ஆயினும் பழங்கணினிகளுக்குப் பாதகமாக, 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் இன்டெல் வகைக் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது.