காலுறைப் பின்னல் (வரிநூலும் துளைவேலையும்)

வரிவரியாகச் சாயமேற்றிய நூலினால், சிறு துளைகள் அழகுற அமையுமாறு ஊசிகொண்டு காலுறை பின்னும் கலை. நூலை ஊசிமேல் சுற்றுவதால் ஒரு கண்ணி பிறக்க, இரு கண்ணிகளைச் சேர்த்துப் பின்னுவதால் ஒன்று குறைய, எண்ணிக்கை மாறாமலே துளை உண்டாகிறது. ஷெட்லாந்துத் தீவுகளின் அலைப்பின்னலில், 18 கண்ணிகளுக்கு ஒருமுறை இவ்விரு செயல்களும் தனித்தனியே திரண்டு நிற்பதால், வர்ணங்கள் நேர்கோடாக ஓடாமல், காவிரி மணலில் நீர் வரைந்த ரேகைகள்போல் வளைந்து சௌந்தரியம் பெறுகின்றன. சிக்கலான சித்திரமோ வரிகளுக்கிடையே மறைந்துவிடும்.

தஞ்சைத் தரணியின் வெப்பத்துக்குக் கம்பளியினும் பருத்தி நூலே உகந்தது. பட்டும் பருத்தியும் கலந்து கட்டமிடும் கூறைநாட்டு நெசவாளர் பாவிலும் ஊடையிலும் நிறங்களைத் தாமே வரிசைப்படுத்துகின்றனர். வரிநூலிலோ அந்நிர்ணயம் சாயமிடுவோர் கையிலேயே முடிந்துவிடுவதால், எளிய பின்னலே அதற்குரிய பூஷணமாகும்.