வலையின்றிச் சான்று படித்தல்: அல்லிநகரத்து ஆவணங்களின் பின்னணி

தேனியும் அல்லிநகரமும் ஒரே நகராட்சியாக இணைந்திருக்கும் ஊரில், வருவாய்த் துறையின் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவை வட்டாட்சியர் அலுவலகத்துப் பச்சை மையையும் ரப்பர் முத்திரையையும் கைவிட்டு, இ-சேவை மையத்தில் பதிவிறக்கப்படும் பிடிஎஃப் கோப்புகளாக மாறிவிட்டன. அக்கோப்பின் அடியில் காணப்படும் அலுவலரின் பெயரும் தேதியும் வெறும் தோற்றமே. உண்மையான கையொப்பம் கோப்பினுள் எண்களாகப் பதிந்திருக்கிறது. அத்துடன், அந்தக் கையொப்பத்துக்குரிய பொதுத் திறவி இன்னாருடையது என்று உறுதிகூறும் சிறு ஆவணமான மின்னணுச் சான்றிதழும் சேர்ந்திருக்கிறது. அச்செடுத்து நகலெடுத்த தாளில் இவை இரண்டுமே இல்லை என்பதைத் தாளை வாங்கிக்கொள்ளும் அலுவலகங்கள் பெரிதாக எண்ணுவதில்லை.

இத்தகைய சான்றிதழ் என்ற எண்ணமே, யாரையும் கேட்காமல் சரிபார்க்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தது. 1976இல் டிஃபியும் ஹெல்மனும் பொதுத் திறவி முறையை முன்வைத்தபோது, எல்லோருடைய திறவிகளும் ஒரு பொதுப் பதிவேட்டில் இருக்கும் என்று கருதினர். ஒவ்வொரு முறையும் அப்பதிவேட்டை அணுகுவது நெரிசலை உண்டாக்கும் என்று கண்ட லோரன் கோன்ஃபெல்டர் என்ற எம்.ஐ.டி. மாணவர், பெயரையும் திறவியையும் சேர்த்துப் பதிவேட்டின் பொறுப்பாளரே கையொப்பமிட்டுக் கொடுத்துவிடலாம் என்று 1978இல் தம் இளநிலை ஆய்வேட்டில் எழுதினார். அந்த வடிவம் 1988இல் எக்ஸ்.509 என்ற பன்னாட்டுத் தொலைத்தொடர்புத் தரமாயிற்று.

எக்ஸ்.509 சான்றிதழ் மனிதக் கண்ணுக்கு எழுதப்பட்டதன்று. ஒவ்வொரு செய்திக்கும் முதலில் அதன் வகை, அடுத்து அதன் நீளம், பின்னர் உள்ளடக்கம் என்று பைட்டுகள் அடுக்கப்படுகின்றன. அவ்வடுக்கைப் பிரித்து, வழங்கியவர், பெற்றவர், செல்லுபடிக் காலம், திறவி என்று வரிவரியாகக் காட்டுவதே பகுப்புக் கருவியின் வேலை. ஆஸ்திரேலியாவின் எரிக் யங்கும் டிம் ஹட்சனும் 1995 வாக்கில் உருவாக்கிய எஸ்எஸ்எல்இஏஒய் என்ற மென்பொருள் 1998 இறுதியில் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆனது. வலைத்தொடர்பற்ற கணினியிலும் சான்றிதழை விரித்துக்காட்டும் அதன் கட்டளை இன்றளவும் பரவலாகப் பயன்படுகிறது. நியூசிலாந்தின் பீட்டர் குட்மன் எழுதிய டம்ப்ஏஎஸ்என்1 பைட் அடுக்கையே நேராகக் காட்டும் எளிய கருவி. இந்தியச் சான்றிதழைப் பிரித்தால் 2.16.356.100 என்று தொடங்கும் எண்தொடர் தென்படும்; 356 என்பது பன்னாட்டுப் பட்டியலில் இந்தியாவின் எண், பின்வருவது நாட்டின் சான்றளிப்புக் கொள்கையைக் குறிப்பது.

இந்தியாவில் இதற்குச் சட்ட அடிப்படை, 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறைக்கு வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம். அதன்படி அமைந்த சான்றளிப்பு அமைப்புகளின் கட்டுப்பாட்டாளர் நாட்டின் மூலத் திறவியைப் பேணுகிறார்; அவரிடம் உரிமம் பெற்றவர்களே சான்றிதழ் வழங்கலாம். அவ்வுரிமத்தை முதலில் பெற்றது சென்னையைச் சேர்ந்த சிஃபி நிறுவனத்தின் சேஃப்ஸ்கிரிப்ட், 2002இல். 2006இல் நிறுவனப் பதிவுகள் எம்சிஏ21 அமைப்புக்கு மாறிய பின், ஊர்தோறும் தணிக்கையாளர் அலுவலகங்களில் டி.எஸ்.சி. எனப்படும் கையொப்பச் சான்றிதழைத் தாங்கிய யுஎஸ்பி டோக்கன்கள் பெருகின.

பகுத்துப் படிப்பது வேறு, நம்புவது வேறு என்பதை 2014 ஜூலை காட்டியது. தேசியத் தகவலியல் மையத்தின் சான்றளிப்புப் பிரிவிலிருந்து, கூகுளின் இணைய முகவரிகளுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வெளிவந்திருந்ததைக் கூகுள் ஜூலை 2 அன்று கண்டறிந்தது. மறுநாளே கட்டுப்பாட்டாளர் அப்பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார். எந்தக் கருவியில் இட்டுப் பார்த்தாலும் அவை வடிவப் பிழையற்றவை, கணக்குப்படி கையொப்பமும் சரி. பொய் உள்ளடக்கத்தில் இருந்தது. கருவிகளும் தவறுவதுண்டு: 2009இல் மாக்ஸி மார்லின்ஸ்பைக்கும் டான் காமின்ஸ்கியும், பெயரின் நடுவே சுழிப் பைட்டு ஒன்றை நுழைத்தால் சில மென்பொருள்கள் அதோடு படிப்பை நிறுத்திக்கொள்வதையும், அதனால் வேறொரு தளத்தின் பெயரில் ஏமாற்ற முடிவதையும் காட்டினர்.

அல்லிநகரத்துக் கோப்பில் அடிக்கடி தோன்றும் கேள்விக்குறியும் அலுவலர் செய்த தவறன்று. இந்திய மூலச் சான்றிதழை நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திராத பிடிஎஃப் ரீடர் இடும் குறி அது. மூலச் சான்றிதழை ஒருமுறை நிறுவிவிட்டால் வலையின்றியே சரிபார்க்கலாம். இருப்பினும் இந்தியக் கையொப்பச் சான்றிதழ்களின் ஆயுள் பெரும்பாலும் 3 ஆண்டுகளைத் தாண்டுவதில்லை. சாதிச் சான்றோ பள்ளிச் சேர்க்கை தொடங்கி அரசுப் பணி வரை தேவைப்படுவது. கையொப்பமிட்ட நேரத்துக்கு வேறொரு நம்பகமான முத்திரை கோப்பில் இல்லையெனில், காலாவதிக்குப் பின் அது அன்றே இடப்பட்டது என்று வலையற்ற கருவியால் நிறுவ முடியாது. ஆகவேதான் தமிழக அரசின் சான்றுகள் எண்ணும் கியூஆர் குறியும் தாங்கி, இணையத்தில் சரிபார்க்குமாறு வழிகாட்டுகின்றன. கோன்ஃபெல்டர் தவிர்க்க விரும்பிய பதிவேட்டிடமே கேட்கும் வழக்கம் அவ்வழியில் மீண்டிருக்கிறது.