உஷா சாதனையை தொட்ட டிரைவர் மகள்

கோவை டிரைவரின் மகள் வித்யா ராம்ராஜ். 1998-ல் பிறந்த இவரும் நித்யாவும் இரட்டையர்கள். ரெண்டு பேருமே தடை தாண்டி ஓடும் வீராங்கனைகள். வித்யா பயிற்சி எடுத்தது சென்னையில்.

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பி.டி.உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 வினாடியில் ஓடினார். வினாடியில் நூறில் ஒரு பங்கில் வெண்கலம் கைநழுவியது. அந்த தேசிய சாதனையை 39 வருஷமாக யாரும் தொடவில்லை.

2023 அக்டோபர் 2-ந்தேதி, ஹாங்சோ ஆசிய விளையாட்டு தகுதிச்சுற்றில் வித்யா ஓடி முடித்தபோது கடிகாரம் காட்டியதும் அதே 55.42! அன்றே கலப்பு தொடர் ஓட்டத்தில் வெள்ளி. மறுநாள் இறுதிப்போட்டியில் 55.68 வினாடியில் வெண்கலம். பெண்கள் தொடர் ஓட்டத்தில் இன்னொரு வெள்ளி. நித்யாவும் அங்கே 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார்.

2024 பாரீஸ் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்திலும் வித்யா களம் இறங்கினார்.