சாந்திவனம் (சச்சிதானந்த ஆசிரமம்)

கரூர் மாவட்டம் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளியில், காவிரியின் தென்கரையில் இருக்கும் கத்தோலிக்க ஆசிரமம். புனித பெனடிக்ட் திருநாளான 1950 மார்ச் 21 அன்று பிரெஞ்சுத் துறவியர் இருவர் இதைத் தொடங்கினர். ஆசிரமம் இருப்பது ஒரு மரத்தோப்பில்.

இடம் சிறியது. அது எழுப்பிய கேள்வி பெரியது. கடவுளோடு உறவு என்றால் இருவர் வேண்டும். நெருக்கம் முற்றினால் அந்த இருவர் இருவராகவே நீடிப்பார்களா? தொடங்கிய இருவருமே இதில் ஒத்துப்போகவில்லை. ஆசிரமத்தின் முதல் இருபது ஆண்டு வரலாறு பெரும்பாலும் அந்த வேறுபாட்டின் வரலாறுதான்.

முன்னோடிகள் உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் டி நொபிலி காவி உடுத்து, புலால் விலக்கி, சந்நியாசியாக வாழ்ந்தார். ஆனால் அவர் போதிக்க வந்தவர். தமிழ்க் கிறித்தவர் தம் ஆண்டவரிடம் நேருக்கு நேர் அழவும் உரிமையோடு முறையிடவும் வழி செய்தவை பாடல்களே. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் (1774–1864) கீர்த்தனைகள் இன்றும் புராட்டஸ்டண்டு ஆலயங்களில் பாடப்படுகின்றன. நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையிடம் ஆழ்வார்களின் உருக்கம் அப்படியே இயேசுவை நோக்கித் திரும்பியது. ஆசிரம வடிவத்திலும் புராட்டஸ்டண்டுகளே முந்திக்கொண்டனர்: 1921இல் திருப்பத்தூரில் சவரிராயன் யேசுதாசனும் ஸ்காட்லாந்து மருத்துவர் எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டனும் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். ஊராருக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன்.

சாந்திவனத்தின் மூத்த நிறுவனர் ஜூல் மொன்ஷானின் (1895–1957). லியோன் மறைமாவட்டக் குரு. ஐரோப்பிய அறிஞர் வட்டத்தில் மதிக்கப்பட்டவர். 1939இல் இந்தியா வந்து, திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்சாவின் கீழ் கிராமப் பங்குகளில் பல ஆண்டுகள் உழைத்தார். பிரிட்டனி கடற்கரையில் பிறந்து கெர்கோனான் மடத்தில் துறவியாக இருந்த ஆன்றி லெ சோ (1910–1973) 1948 ஆகஸ்டில் குளித்தலையில் அவரோடு சேர்ந்தார். மூத்தவர் பரம அரூபி ஆனந்தம் என்றும் இளையவர் அபிஷிக்தானந்தர் என்றும் பெயர் பூண்டனர். தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைச் சத்து, சித்து, ஆனந்தமாகக் காணும் கருத்து அவர்களுக்கு வங்கத்துப் பிரம்மபாந்தவ் உபாத்யாயிடமிருந்து (1861–1907) வந்தது.

குடிசை, காவி, தரையில் படுக்கை, மரக்கறி உணவு, நாளுக்குப் பல வேளை வழிபாடு. 1951இல் தங்கள் திட்டத்தை நூலாகவும் வெளியிட்டார்கள். நிலைத்துத் தங்க இந்தியர் யாரும் வரவில்லை. வியப்பதற்கில்லை. சுற்றுவட்டாரக் கத்தோலிக்கருக்குக் கடவுளை நெருங்கும் வழிகள் ஏற்கெனவே கையில் இருந்தன: ஜெபமாலை, நவநாள், நேர்ச்சை, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம். அந்த வழிகளில் அன்னையிடம் பேசலாம், பேரம்கூடப் பேசலாம். தோப்புச் சாமியார்கள் காட்டிய வழியில் மௌனமே மிகுதி.

இருவருக்கும் இடையே விரிசல் விழுந்த ஊர் திருவண்ணாமலை. 1949 ஜனவரியில் இருவரும் ரமணரைத் தரிசித்தனர். மொன்ஷானின் மதித்துத் திரும்பினார். லெ சோ மனத்தளவில் திரும்பவே இல்லை. 1952 முதல் அருணாசல மலைக் குகைகளில் வாரக்கணக்கில் தனித்திருந்தார். 1955இல் திருக்கோவிலூர் தபோவனத்து ஞானானந்த கிரியைக் கண்டபோது, தம் குருவைக் கண்டுகொண்டதாகவே உணர்ந்தார். ‘நான்’, ‘நீ’ என்ற வேறுபாடு கரையும் அனுபவம் அவருக்கு உண்மையாக இருந்தது. தினமும் நிறைவேற்றிய திருப்பலியும் உண்மையாகவே இருந்தது. இரண்டையும் பொருத்த முடியாத வேதனை அவரது நாட்குறிப்பில் பக்கம் பக்கமாகக் கிடக்கிறது.

மொன்ஷானினுக்கு இதில் உடன்பாடில்லை. அத்வைதத்தில் அன்புக்கு இடமில்லாமல் போகும் என்பது அவர் அச்சம். அவர் பார்வையில், கடவுள் ஒருவராக இருந்தும் அவருக்குள்ளேயே கொடுப்பதும் பெறுவதும் உண்டு. அதனால் மனிதன் அவரில் எவ்வளவு ஆழமாகக் கலந்தாலும் உறவு அழியாது. நோயுற்றுப் பிரான்ஸ் திரும்பிய அவர் 1957 அக்டோபரில் பாரிசில் இறந்தார். லெ சோ 1960இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 1964இல் இறையியலாளர் ரைமோன் பணிக்கருடன் கங்கோத்ரியில் திருப்பலி நிறைவேற்றினார். 1968இல் சாந்திவனத்தை விட்டு உத்தரகாசிக்கே போய்விட்டார். 1973 ஜூலையில் ரிஷிகேசத்துத் தெருவில் மாரடைப்பு வந்து விழுந்தார். அதைத் தம் வாழ்வின் பெரிய விழிப்பாகவே கொண்டாடினார். அவ்வாண்டு டிசம்பரில் இந்தூரில் காலமானார்.

அதே 1968இல் கேரளத்துக் குரிசுமலை ஆசிரமத்திலிருந்து பீட் கிரிஃபித்ஸ் (1906–1993) வந்து பொறுப்பேற்றார். ஆக்ஸ்போர்டில் சி.எஸ். லூயிசின் மாணவர். காலமும் அவருக்கு உதவியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பிற சமயங்களை மதிக்கச் சொல்லியிருந்தது. 1969இல் ஆரத்தி, தரையில் அமர்தல் போன்ற இந்திய முறைகளுக்கு உரோமை இசைவு தந்திருந்தது. சாந்திவனத்தில் காலை வழிபாட்டில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் இடும் வழக்கம் வேரூன்றியது. உபநிடதம், கீதை, தமிழ்ப் பக்திப் பாடல்கள் ஆகியவற்றோடு விவிலியமும் வாசிக்கப்பட்டது. தியானத்துக்குக் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்பது கிரிஃபித்ஸ் சொன்ன கணக்கு. அவர் தாமே பின்பற்றியது, கீழைத் திருச்சபைகளில் வழங்கும் இயேசு ஜெபத்தை மூச்சோடு இணைத்துச் சொல்லும் முறை. அதில் ஒரு ‘நீ’ இருக்கிறது, கேட்கிறவன் இருக்கிறான். முன்னவர்கள் தீர்க்காத வழக்கை அவர் பயிற்சியால் கடந்துவிட்டார் என்றே தோன்றுகிறது. 1990 ஜனவரியில் பக்கவாதம் தாக்கியபோது தாயன்பு போன்ற ஒன்று தம்மை மூழ்கடித்ததாகப் பிற்பாடு சொன்னார்.

எதிர்ப்பு இருபுறமும் வந்தது. சிலுவையில் ஓங்காரம் பொறித்ததைக் கத்தோலிக்கப் பழமைவாதிகள் சிலைவழிபாட்டுக்குத் திரும்புவதாகக் கண்டித்தனர். மதமாற்றத்துக்குப் போட்ட வேடமே காவி என்று இந்துத் தரப்பில் எழுத்தாளர் சீதாராம் கோயல் 1988இல் ஒரு நூலே எழுதினார். இரண்டாவது குற்றச்சாட்டை அந்த மூவரின் வாழ்க்கை தாங்காது. நாற்பது ஆண்டில் அங்கே மாறிப்போனவர்கள் பெரும்பாலும் வந்த வெள்ளைக்காரர்களே.

ஒரு குறை மட்டும் உறுத்துகிறது. உயிரும் இறையும் பிரிக்க முடியாதபடி கலந்தும் ஒன்றே ஆகிவிடாத நிலையைச் சைவ சித்தாந்தம் நூற்றாண்டுகளாகப் பேசிவருகிறது. லெ சோவின் போராட்டத்துக்கு அதைவிட அருகில் ஒரு துணை இல்லை. சிவத்தலங்கள் சூழ்ந்த காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு, அவர் பெரிதும் சார்ந்தது உபநிடதங்களையும் ரமணரையும்தான்.

1980களிலிருந்து ஆசிரமம் கமால்தோலி பெனடிக்ட் சபையைச் சேர்ந்தது. கிரிஃபித்ஸின் கல்லறை அங்கேயே உள்ளது. இந்தூரில் புதைக்கப்பட்ட லெ சோவின் எச்சங்களும் 1995இல் கொண்டுவரப்பட்டன. திருச்சி–கரூர் ரயில் பாதையில் குளித்தலையில் இறங்கி எவரும் போகலாம். எந்தச் சமயத்தவர் என்று கேட்பதில்லை.