வௌவாலும் கைலியும்

கவரைப்பேட்டை என்றதும் எல்லோருக்கும் தொழிற்சாலைகளும் லாரிகளும்தான் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது சீனப் பீங்கான். அங்கிருந்து கிழக்கே, கடலோரத்தில்தானே பழவேற்காடு இருக்கிறது!

சீனப் பாத்திரம் நம் கரைக்குப் புதிதல்ல. ராமநாதபுரத்துப் பெரியபட்டினத்தில் 13, 14-ஆம் நூற்றாண்டுச் சீன ஓடுகள் அகழ்ந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. பின்னால் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1603-இல் ஜோகூர்க் கடலில் அவர்கள் பிடித்த போர்த்துகீசியக் கப்பலில் ஏறக்குறைய ஒரு லட்சம் பீங்கான்கள் இருந்தன என்பார்கள். ஆம்ஸ்டர்டாமில் அவை ஏலம் போனதும் ஐரோப்பாவுக்கே பீங்கான் பித்துப் பிடித்துவிட்டது.

1613-இல் அவர்கள் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். 1690 வரை சோழமண்டலக் கரையில் அதுவே அவர்களுடைய தலைமையிடம். இங்கே வாங்கிய துணியைக் கீழைத் தீவுகளில் கொடுத்து மிளகும் கிராம்பும் வாங்கினார்கள். ஜிங்தெசென் சூளைகளில் வெந்த பீங்கானைச் சீனக் கப்பல்கள் படேவியாவில் கொண்டுவந்து இறக்கின. நம் துணியும் சீனப் பீங்கானும் ஒரே வியாபாரியின் கிடங்கில் அண்டை வீட்டுக்காரர்களாயின.

அந்தப் பீங்கான்களில் நீல வண்ணத்தில் மான், மீன், வௌவால் எல்லாம் உண்டு. அழகுக்காக மட்டும் தீட்டியவை என்று எண்ணிவிடாதீர்கள். அத்தனையும் சிலேடை! சீன மொழியில் வௌவாலும் பாக்கியமும் ஒரே ஒலி: 'ஃபூ'. மீனும் மிகுதியும் 'யூ'. மானும் உத்தியோகச் சம்பளமும் 'லூ'. நம் காளமேகம் சீனத்தில் பிறந்திருந்தால் எழுத்தாணியைப் போட்டுவிட்டுத் தூரிகையை எடுத்திருப்பார். ஐந்து வௌவால் வரைந்தால் ஐந்து பாக்கியம்: நீண்ட ஆயுள், செல்வம், ஆரோக்கியம், அறத்தில் பற்று, நல்ல சாவு.

சீன மொழி தெரியாதவனுக்கு வௌவால் வௌவால்தான். நமக்கோ அது பாழ்மண்டபத்துப் பிராணி! ஒருவன் மனமார வாழ்த்துகிறான். கேட்பவனுக்குக் காது இல்லை.

நம் துணிக்கும் அதே கதிதான். மலாய்க்காரர்கள் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது வேறொன்றுமில்லை. வெள்ளைக்காரன் 'புலிகாட்' என்றானே, அந்தப் பழவேற்காடுதான். அதை இடுப்பில் கட்டியிருப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஊர் தெரியும்?

பொருள் கடல் கடந்து போய்விடுகிறது; அதன் பொருள் கரையிலேயே நின்றுவிடுகிறது. இதற்குக் கடல்கூட வேண்டியதில்லை. பாட்டி போடும் கோலத்தின் பொருளைப் பேத்தி கேட்டு வைத்துக்கொள்ளாவிட்டால், நம் வீட்டு வாசற்படியே போதும்.