விற்காத நெல்: மேற்கு ஜாவாவின் சிப்தகெலார் ஊரில் உணவுக் காப்பின் ஒழுங்கு

முன்னுரை

இந்தோனேசியாவின் மேற்கு ஜாவா மாகாணத்தில், சுக்காபூமி மாவட்டத்தின் சிசோலோக் வட்டாரத்தில், ஹாலிமுன் மலைத்தொடரின் தென்சரிவில் சிப்தகெலார் அமைந்துள்ளது. அரசுக் கணக்கில் அது சிர்னரெஸ்மி ஊராட்சிக்குள் அடங்கிய ஒரு குடியிருப்பு. அங்கு வாழும் சுந்தா மக்களின் கணக்கிலோ, கசெபுஹான் என்னும் மரபுச் சமூகத்தின் தலைமையிடம். மலையடுக்குகளில் சிதறிக் கிடக்கும் பல சிற்றூர்கள் அதன் சொற்கேட்டுப் பயிர் செய்கின்றன. தங்கள் சமூகத்தின் தொடக்கத்தை அவர்கள் 1368ஆம் ஆண்டுக்குக் கொண்டு செல்கின்றனர். பஜாஜாரான் அரசோடு தங்கள் முன்னோரை இணைக்கும் வாய்மொழி வரலாறும் அவர்களிடம் உண்டு.

ஆண்டுக்கு ஒரே போகம். நெல்லை விற்கக் கூடாது. அரிசியையும் விற்கக் கூடாது. அரவை ஆலைக்கு இடமில்லை, உலக்கைதான். ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் எடுக்கும் சமவெளி ஊர்கள் அரிசியைக் கடையில் வாங்கி உண்ணும்போது, இம்மலையூரின் களஞ்சியங்களில் பல ஆண்டுக்கு முந்தைய நெல்லும் கிடக்கிறது. இந்நிலையை விளக்க வருவோர் பெரும்பாலும் ‘முன்னோர் நம்பிக்கை’ என்ற சொல்லோடு நின்றுவிடுகின்றனர். அவ்விளக்கம் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சிப்தகெலாரின் நிறைவு மூன்று விதிகளின் பிணைப்பால் விளைவது: எல்லோரும் ஒரே பருவத்தில் நடுதல், நெல்லைச் சந்தைக்கு அனுப்பாமை, களஞ்சியத்தின் வழியே கடன் கொடுத்து வாங்குதல். இவற்றுள் ஒன்றை உருவினால் மற்ற இரண்டும் நிற்கா. மூன்றுக்கும் அடித்தளமாக இருப்பது நிலமும் காடும். அவற்றின்மேல் அம்மக்களுக்குள்ள உரிமையை ஏற்காமல் பண்பாட்டை மட்டும் பாராட்டுவது அவ்வூருக்குச் செய்யும் அநீதி.

1. வானத்தைப் பார்த்து ஒரே நடவு

பருவத்தைக் குறிப்பவை இரண்டு விண்மீன் கூட்டங்கள். கார்த்திகை மீன்கள் தோன்றினால் இரும்புக் கருவிகளைத் தேடி எடுத்துச் சீர்செய்யும் காலம். ஓரியன் தோன்றினால் நிலத்தில் இறங்கும் காலம். ஓரியன் சாயும் காலம் கதிர்நாவாய்ப் பூச்சி இறங்கும் காலம். அதற்குள் கதிர் பால் பிடிக்கும் நிலையைக் கடந்திருக்க வேண்டும். பூச்சியின் வாழ்க்கைச் சுழலையும் பயிரின் வளர்ச்சியையும் ஒரே நாட்காட்டியில் பொருத்தும் அறிவு இது. நடவுக்கான நாளை அபா என அழைக்கப்படும் தலைவர் அறிவிக்கிறார். 2007இல் தந்தை அபா அனோம் மறைந்தபின் அபா உகி அப்பொறுப்பை ஏற்றார். மலைச்சரிவின் மானாவாரிக் காடான ஹூமாவில் குழியிட்டு விதைக்கும் ‘ஙசெயுக்’ சடங்கில் பருவம் தொடங்குகிறது. ‘மிபித்’ சடங்கோடு அறுவடை தொடங்குகிறது. ‘ஙஞாரான்’ நாளில் புதுநெல் முதன்முறை உலையேறுகிறது. ‘செரென் தாவுன்’ விழாவோடு ஆண்டு நிறைவுறுகிறது.

ஐந்து, ஆறு மாதம் வயலில் நிற்கும் நெட்டை நெல் வகைகள் இங்கு விளைகின்றன. அறுவடைக்குப் பின் அடுத்த நடவு வரை பரந்த நிலப்பரப்பில் நெற்பயிரே இராது. நெல்லை மட்டுமே உண்டு பெருகும் பூச்சிக்கு அந்த இடைவெளி பட்டினிக்காலம். இவ்வொழுங்கின் அருமை, அது குலைந்த இடங்களில் தெரிந்தது. 1960களின் இறுதியிலிருந்து ‘பிமாஸ்’ திட்டத்தின் வழியே குட்டை ரகங்களும் உரமும் பூச்சிமருந்தும் கடனாகத் தரப்பட்டன. நீர் கிடைத்த இடமெல்லாம் போகத்தின்மேல் போகம் வைத்தனர். 1970களில் புகையான் பூச்சி ஜாவாவின் வயல்களைப் பெரும்பரப்பில் எரித்தது. பூச்சியை உண்ணும் சிலந்திகளையும் வண்டுகளையும் மருந்து கொன்றதால் புகையான் மேலும் பெருகியது. இறுதியில் 1986இல் அரசே குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றால் 57 பூச்சிமருந்துகளை நெற்பயிருக்குத் தடை செய்தது.

பாலித் தீவிலும் இதே பாடம் கிடைத்தது. அங்கு ‘சுபாக்’ எனும் பாசனச் சங்கங்கள் நீர்க்கோயில்களின் வழியே நடவுக்காலத்தை ஒருங்கிணைத்து வந்தன. அந்த ஒருங்கிணைப்பு தளர்ந்தபோது பூச்சியும் நீர்த்தட்டுப்பாடும் சேர்ந்து வந்ததை மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் 1991இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். சடங்கு எனத் தள்ளப்பட்டது, பல ஊர்களை ஒரே நேரத்தில் தரிசு விடச் செய்யும் ஆட்சிமுறையாக இருந்தது. சிப்தகெலாரில் அபாவின் சொல்லுக்குள்ள எடையும் இத்தகையதே. ஒருவர் மட்டும் இரண்டாம் போகம் வைத்தால் அவருக்கு ஆதாயம். அந்த வயலில் பெருகும் பூச்சியோ அனைவரின் இழப்பு. தனி ஆதாயத்தைத் தடுக்கும் அதிகாரம் எங்காவது இருந்தாக வேண்டும்.

2. கதிர், கருவி, களஞ்சியம்

இரண்டாம் விதியைப் புரிந்துகொள்ள நெல்லின் உடலமைப்பைப் பார்க்க வேண்டும். இங்கு விளையும் மரபு வகைகளின் தாள் நீளமானது. மணி எளிதில் உதிராது. ஆகவே உள்ளங்கையில் அடங்கும் சிறு கத்தியால் கதிர் கதிராகக் கொய்ய முடிகிறது. ஜாவாவில் அனி-அனி என்றும் சுந்தா மொழியில் எதெம் என்றும் அதற்குப் பெயர். கொய்த கதிர்களைத் தாளோடு கட்டுகளாக்கி, ‘லந்தாய்’ என்னும் மூங்கில் பந்தலில் சில வாரம் வெயிலில் உலர்த்துகின்றனர். உலர்ந்த கட்டுகள் தோள் தண்டில் தொங்கி ஊருக்குள் வருகின்றன. ‘ரெங்கோங்’ எனப்படும் அத்தண்டு நடைக்கேற்ப ஒலியெழுப்பும். பின்னர் அவை ‘லெயித்’ என்னும் களஞ்சியத்தில் அடுக்கப்படுகின்றன. லெயித் தரையிலிருந்து உயர்த்திக் கட்டப்பட்டது. மூங்கில் சுவரும் பனைநாரால் வேய்ந்த கூரையும் கொண்டது. உமி நீங்காமல் கதிரோடு உலர்ந்த நெல் காற்றோட்டத்தில் ஆண்டுக்கணக்கில் கெடாது.

குட்டை ரகங்களின் அமைப்பு வேறு. தாள் குறைவு, மணி உதிரும். அரிவாளால் அறுத்து வயலிலேயே அடித்துப் பிரித்தாக வேண்டும். ஈரமான மணியைச் சேமித்து வைக்க முடியாது; உடனே உலர்த்த வேண்டும், இல்லையேல் விற்க வேண்டும். எனவே ரகம் மாறியபோது கருவி மாறியது. கருவி மாறியபோது களஞ்சியம் தேவையற்றுப் போனது. களஞ்சியம் போனபோது நெல் வணிகரின் கைக்குப் போனது. கூடவே கூலியும் போனது. 1970களில் ஜாவாவில் நின்ற பயிரை வணிகருக்கு மொத்தமாக விற்கும் ‘தெபாசான்’ முறை பரவியதையும், அனி-அனியோடு அறுவடைக்கு வந்த ஏழைப் பெண்கள் வயலிலிருந்து விலக்கப்பட்டதையும் வில்லியம் காலியர் முதலிய ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அரவை ஆலைகள் வந்ததும் நெல் குத்தும் கூலியையும் பெண்களே இழந்தனர்.

சிப்தகெலாரில் இச்சங்கிலி அறாமல் இருப்பதற்குக் காரணம் ஆலை மறுப்பும் விற்பனை மறுப்பும்தான். நெல்லை ‘நி பொஹாசி சங்யாங் அஸ்ரி’ என்னும் தாய்த்தெய்வமாக வணங்கும் மக்கள், அதை விற்பதை உயிரை விற்பதாகக் கருதுகின்றனர். கதிர் கொய்யும் கையே அடுத்த ஆண்டு விதைக்கான கதிரையும் தேர்ந்து வைக்கிறது. பெரும்பாலும் அது பெண்ணின் கை. நூற்றுக்கு மேற்பட்ட நெல் வகைகள் இங்கு இன்றும் உயிரோடிருப்பது அந்தத் தேர்வின் பயன்.

3. களஞ்சியக் கடன்

குடும்பங்களின் தனி லெயித்களோடு ஊருக்குப் பொதுவாக ‘லெயித் சி ஜிமாத்’ என்ற பெரிய களஞ்சியம் இருக்கிறது. அறுவடைக்குப் பின் ஒவ்வொரு குடும்பமும் அதற்கு ஒரு பங்கு தருகிறது. செரென் தாவுன் விழாவில் தாய்நெல் அதில் வைக்கப்படுகிறது. விளைச்சல் பொய்த்தவர் அங்கிருந்து கட்டுகளாக எடுத்துக்கொண்டு, விளைந்தபின் கட்டுகளாகவே திருப்பித் தருகிறார். கடன் பணமாக மாறுவதில்லை. ஆகவே அறுவடையில் விலை சரிந்து பஞ்ச மாதத்தில் விலை ஏறும் ஏற்றத்தாழ்வு கடனாளியைத் தொடுவதில்லை. உழவரை உலகெங்கும் வறுமையில் தள்ளிய சுழற்சி இந்த ஒரு விதியால் தடைபடுகிறது.

களஞ்சியம் மட்டும் இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு ஜாவாவின் வரலாறே விடை சொல்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டச்சு ஆட்சி ஊர்தோறும் நெற்கடன் களஞ்சியங்களை நிறுவ முயன்றது. பணப் பொருளாதாரமும் பணக்கடனும் பரவியபோது அவை நலிந்தன. நெல்லை எவரும் எப்போதும் விற்கலாம் என்றிருந்த இடத்தில், களஞ்சியம் சந்தையோடு போட்டியிட்டுத் தோற்றது. சிப்தகெலாரில் அது நிலைப்பதற்கு, விற்பனையை விலக்கிய விதி அதன் வாயிலைக் காப்பதே காரணம்.

கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963இல் வெளியிட்ட வேளாண் உட்சுருக்கம் பற்றிய நூல், ஜாவாவின் நெல்வயல் மேலும் மேலும் உழைப்பை உறிஞ்சி வறுமையைப் பங்கிட்டது என்று வாதிட்டது. அவருக்குப் பின் வந்தோர், பங்கீடு அவ்வளவு சமமாக இல்லை, நிலமுடையோர்க்கும் இல்லாதோர்க்கும் இடையில் பிளவு ஆழமானது என மறுத்தனர். இரு தரப்பினரின் கவனமும் நிலத்திலும் உழைப்பிலும் குவிந்திருந்தது. சிப்தகெலார் மூன்றாவது கேள்வியை முன்வைக்கிறது: விளைந்த நெல் யார் பொறுப்பில், எவ்வளவு காலம் தங்குகிறது? ஓர் ஊரின் பசியை முடிவு செய்வதில் இக்கேள்விக்கும் சம பங்கு உண்டு.

4. மறுப்புகள்

முதல் மறுப்பு விளைச்சல் பற்றியது. ஒரு போகத்தால் ஜாவாவின் பெருநகரங்களுக்குச் சோறு போட முடியாது. இது உண்மை. 1970களின் இறுதியில் உலகிலேயே மிகுதியாக அரிசி இறக்குமதி செய்த நாடாக இருந்த இந்தோனேசியா, 1984இல் தன்னிறைவை எட்டியது குட்டை ரகங்களால்தான். ஆனால் அந்தத் தன்னிறைவு நீடிக்கவில்லை. 1997-98இன் வறட்சியும் பொருளாதார நெருக்கடியும் மீண்டும் பெரும் இறக்குமதியைக் கொண்டுவந்தன. உற்பத்தி ஒன்றையே அளவாகக் கொண்ட கொள்கைக்கு, இருப்பையும் பருவ ஒழுங்கையும் அளவாகக் கொண்ட ஊர் துணையாக முடியும்.

இரண்டாம் மறுப்பு, இது காலத்தில் உறைந்த ஊர் என்பது. அவ்வூர் தன் ஓடைகளில் சிறுபுனல் மின்நிலையங்களை இயக்குகிறது. சொந்த வானொலியும் தொலைக்காட்சியும் நடத்துகிறது. பனைவெல்லம், வாழை, காய்கறி, கூலிவேலை ஆகியவற்றின் வழியே பணம் புழங்குகிறது. விலக்கு நெல்லுக்கு மட்டுமே. எதை ஏற்பது, எதை விலக்குவது என்று ஊர் தானே எல்லை வகுத்துக்கொண்டது.

மூன்றாம் மறுப்பு கனமானது. அபாவின் பதவி வழிவழியாக வருவது. நிலம் எல்லோரிடமும் சமமாக இல்லை. வார விவசாயமும் உண்டு. இதை மறைத்து எழுதுவோர் அவ்வூருக்கு நன்மை செய்வதில்லை. ஆயினும் நிலமற்றவரும் அறுவடையில் கதிர்ப்பங்கு பெறுகிறார், பொதுக் களஞ்சியத்தில் கடன் கேட்கும் உரிமை பெறுகிறார். சமவெளியில் அவரைப் போன்றோர் இழந்தவை இவ்விரண்டும்தான்.

5. காட்டின் எல்லைக்கோடு

மூன்று விதிகளும் நிற்கும் தரை எது? கசெபுஹான் மக்கள் காட்டை மூன்றாகப் பகுக்கின்றனர்: எவரும் தொடாமல் பிற்காலத்தார்க்கு ஒப்படைத்த ‘திதிபான்’ காடு, தேவை நேர்ந்தால் மட்டும் அனுமதியோடு நுழையும் ‘துதுபான்’ காடு, பயிர் செய்யும் ‘காராபான்’ நிலம். முதல் இரண்டும் நீரூற்றுகளைக் காக்கின்றன. அந்நீர் மூன்றாவதின் வயலை நனைக்கிறது.

இந்த நிலப்பரப்பின்மேல் அரசு வேறு கோடுகளை வரைந்தது. 1992இல் ஹாலிமுன் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. 2003இல் அரசு வனக்கழகமான பெர்ஹுதானியின் காடுகளும் சாலாக் மலையும் சேர்க்கப்பட்டு, பூங்கா சுமார் 1,13,000 ஹெக்டேராக விரிந்தது. பல கசெபுஹான் ஊர்களின் வயல்களும் வீடுகளும் பூங்காவுக்குள் அகப்பட்டன. காட்டைக் காத்தவர்கள் சட்டத்தின் பார்வையில் அத்துமீறியோராயினர்.

2013 மே மாதம் அரசமைப்பு நீதிமன்றம், மரபுச் சமூகத்தின் காடு அரசுக் காடு ஆகாது எனத் தீர்ப்பளித்தது. 2016 டிசம்பர் 30 அன்று குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ ஒன்பது சமூகங்களுக்கு மரபுக்காட்டு உரிமையை வழங்கினார். அவற்றுள் ஹாலிமுன் பகுதியின் கசெபுஹான் காராங்கும் ஒன்று. அது பந்தென் மாகாணத்தின் லெபாக் மாவட்டத்தில் உள்ளது. அப்பட்டியலில் சிப்தகெலார் இல்லை. மாவட்ட அரசின் சட்ட ஏற்பு முதற்படியாக வேண்டும் என்ற நடைமுறையால், ஒரே மலையின் இரு பக்கத்து மக்களுக்கும் வெவ்வேறு வேகத்தில் நீதி நடக்கிறது.

முடிவுரை

விண்மீன் நாட்காட்டி, கதிர் கொய்யும் கத்தி, மூங்கில் களஞ்சியம், காட்டுப் பகுப்பு ஆகியவை சிப்தகெலாரில் ஒரே நிறுவனத்தின் உறுப்புகள். அவற்றைத் தனித்தனியே எடுத்து விழாக்காட்சியாக்குவோர், அந்த நிறுவனத்தைத் தாங்கும் நில உரிமையைப் பேசாமல் விடுகின்றனர். இந்தோனேசியாவின் 2012ஆம் ஆண்டு உணவுச் சட்டம் மக்களிடமுள்ள உணவு இருப்பையும் தேசிய இருப்பின் பகுதியாக ஏற்றுக்கொண்டுள்ளது. அச்சட்டம் சொல்வதை மெய்யாகவே கொள்வதானால், லெயித்தில் உள்ள நெல்லைக் கணக்கில் எடுப்பதோடு, அந்நெல் விளையும் வயலையும் அதற்கு நீர் தரும் காட்டையும் அம்மக்களின் பெயரில் பதிவு செய்ய வேண்டும். ஆய்வாளர்களும் அவ்வூரின் விழாவை எழுதும்போதெல்லாம் அதன் நிலவுரிமை நிலையையும் சேர்த்தே எழுத வேண்டும். இது புலமையின் கடமை.