தேக்கம்பட்டிப் பாப்பம்மாள்

பெங்களூர் பிரேசர் டவுனில் வாழும் தமிழன்பர் ஒருவரைக் கண்டு, "தங்களுக்கு எந்த ஊர்?" என்று வினவிப் பாருங்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் பிரேசர் டவுனாகவே இருக்கும். அவருடைய தந்தையார் பிறந்ததும் அங்கேயே இருக்கலாம். ஆயினும், "எங்களுக்கு ஆற்காட்டுப் பக்கம்" என்றோ, "வேலூருக்கு அருகே ஒரு கிராமம்" என்றோதான் விடை வரும். அந்தக் கிராமத்தை அவர் ஒரு முறைகூடக் கண்டிராமல் இருக்கலாம். கண்டிராத ஊரையும் தம் ஊர் என்று சொல்லும் இவ்வழக்கம் நம்மவரிடையே இன்றும் மறையவில்லை.

அன்பர் பலரின் முன்னோர் எவ்வாறு அங்குச் சென்றனர் என்பது ஏடுகளில் உண்டு. 1809-இல் சீரங்கப்பட்டணத்திலிருந்து ஆங்கிலேயப் படை பெங்களூருக்கு மாறியது. சென்னை இராணுவத்தின் பின்னே கொத்தனாரும், சமையற்காரரும், சலவைத் தொழிலாளரும், ஒப்பந்தக்காரரும் சென்றனர். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சம் மேலும் பலரைப் பிறந்த மண்ணிலிருந்து பெயர்த்தது. பின்னர்க் கோலார்த் தங்கவயல் பலரை அழைத்தது. 1898-இல் கொள்ளைநோயாகிய பிளேக் பெங்களூரில் புகுந்தது. நெருக்கமான தெருக்களில் உயிர்ச்சேதம் மிகுந்தபின், எலி அண்டாதபடி உயர்ந்த அடித்தளமும் காற்றோட்டமும் உடைய வீடுகளைக் கொண்ட புதிய குடியிருப்பு ஒன்றை எழுப்பும் பணி 1906-இல் தொடங்கி, 1910 அளவில் நிறைவுற்றது. அக்காலத்து ரெசிடெண்டு ஸ்டூவர்ட் பிரேசர் துரையின் பெயர் அதற்கு வாய்த்தது. புலிகேசி நகர் என்பது பிற்காலத்தில் ஏற்பட்ட பெயர்.

சென்றவர்களின் வரலாறு இது. பட்டாளத்துச் சம்பளக் கணக்கிலும், ஒப்பந்தப் பத்திரத்திலும், மக்கள் தொகைக் கணக்கிலும் அவர்களுடைய அடிச்சுவடு பதிந்து கிடக்கிறது. செல்லாமல் ஊரிலேயே தங்கிவிட்டவர்களின் வரலாறு எங்கே? பட்டாவில் ஒரு பெயர், அடங்கலில் ஒரு வரி, இவற்றோடு அது முடிந்துவிடுகிறது. பெண்ணாயின் அந்த ஒரு வரியும் பெரும்பாலும் இல்லை. ஆகவேதான், பிரேசர் டவுன் உருப்பெற்ற நான்கு ஆண்டுகளுக்குப்பின் பிறந்து, சிற்றூர் வாழ்விலேயே நூற்றாண்டைக் கடந்த ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே கூற விரும்புகிறேன். கோயம்புத்தூர் மாவட்டத்து மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டி, பாப்பம்மாள் வாழ்ந்த ஊர்.

1914-ஆம் ஆண்டு தேவலாபுரம் என்னும் சிற்றூரில் மருதாசலம், வேலம்மாள் தம்பதியரின் மகளாக அவர் பிறந்தார். ரங்கம்மாள் என்னும் பெயரும் அவருக்கு உண்டு. இளமையிலேயே தாயும் தந்தையும் மறைந்தனர். பாப்பம்மாளையும் உடன்பிறந்த பெண்கள் இருவரையும் தந்தையைப் பெற்ற பாட்டி தேக்கம்பட்டிக்கு அழைத்துவந்து வளர்த்தார். அந்தப் பாட்டி தாது வருடப் பஞ்சத்தைக் கண்ட, அல்லது அதன் கதையைப் பெற்றோர் வாயிலாகக் கேட்ட தலைமுறையினராகவே இருத்தல் வேண்டும். கொங்கு நாடும் அப்பஞ்சத்திற்குத் தப்பவில்லை. பிளேக் நோயும் அந்நாட்டை விட்டுவைக்கவில்லை. கோயம்புத்தூரில் இன்றும் பிளேக் மாரியம்மன் கோயில்கள் இருப்பதைக் காணலாம். பெங்களூருக்குப் பலரை அனுப்பிய அதே துயரங்கள்தாம் இங்கும் இருந்தன. ஆனால் ஆண் துணையற்ற ஒரு கிழவி, மூன்று பெண் குழந்தைகளை அழைத்துக்கொண்டு எந்தப் பட்டணத்திற்குப் போவாள்? ஊரில் தங்கியவர் எல்லாரும் விரும்பித் தங்கினர் என்று எண்ணுவதும் பிழையே.

பாட்டி ஒரு மளிகைக் கடை நடத்திவந்தார். அவருக்குப்பின் கடை பாப்பம்மாள் கைக்கு வந்தது. பின்னர்ச் சிறிய உணவுக் கடை ஒன்றும் ஏற்பட்டது.

கிராமத்துக் கடை என்பதைப் பட்டணத்துக் கடையைப்போல் எண்ணிவிடலாகாது. உப்பும் புளியும் மண்ணெண்ணெயும் அங்கே கிடைக்கும். அவற்றைவிட முக்கியமாகக் கடன் கிடைக்கும். அறுவடை வரையில் கணக்கு ஏறும். களத்துமேட்டில் தானியம் குவிந்தபின் இறங்கும். எவர் நிலத்தில் எப்பயிர் விளைந்தது, எவர் கிணறு வற்றிற்று, எவர் வீட்டில் கலியாணம் நெருங்குகிறது என்பனவெல்லாம் கடைக்காரர் அறிந்தே தீரவேண்டும். அறியாவிடில் கடை நில்லாது. படியும் வள்ளமும் பலமுமாக அளந்த கைகள், 1957-இல் நயா பைசாவிற்கும், அதன்பின் கிலோவிற்கும் லிட்டருக்கும் பழகிக்கொள்ள வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகம் சென்று பயிலாத பொருளாதாரத்தைப் பாப்பம்மாள் இந்தத் தராசின் முன்னேதான் கற்றிருப்பார் என்பது என் கருத்து.

அக்கல்வியின் பயன் விரைவில் தெரிந்தது. கடை வருவாயில் சிறுகச் சிறுகச் சேமித்து, ஏறத்தாழப் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார். இச்செய்தியின் அருமையை உணரச் சட்டத்தின் நிலையைச் சற்று நினைவுகூர வேண்டும். இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது 1956-இல். மூதாதையர் சொத்தில் மகளுக்கும் மகனுக்குரிய பங்கு என்று தமிழ்நாடு வகுத்தது 1989-இல். இந்திய நாடு முழுமைக்கும் அது விரிந்தது 2005-இல். ஆதலின் பாப்பம்மாளின் தலைமுறையில் பெண்கள் நிலத்தில் உழைத்தனர். நிலம் அவர்கள் பெயரில் இல்லை. நாற்று நட்டவர், களை எடுத்தவர், கதிர் அறுத்தவர் அவர்கள், பட்டாதாரர் வேறொருவர். இவரோ எவர் கையையும் எதிர்பாராமல், தம் சம்பாத்தியத்தில் தாமே நிலமுடையவரானார். உடன்பிறந்தாளின் பிள்ளைகளையும் தாமே வளர்த்தார். பெற்றோரை இழந்து பாட்டியின் நிழலில் ஒதுங்கிய குழந்தையே பிற்காலத்தில் ஒரு குடும்பத்திற்கு நிழலாயினார்.

தேக்கம்பட்டி பவானி ஆற்றை அடுத்த ஊர். நீலகிரி அடிவாரம் ஆதலின் ஆற்றின் வளமும் உண்டு, காட்டு யானையின் தொல்லையும் உண்டு. வனபத்திரகாளியம்மன் கோயிலுக்கு வருவோர் இப்பகுதியை அறிவர். பாப்பம்மாளின் நிலத்தில் பயறும் கொள்ளும் மக்காச்சோளமும் வாழையும் விளைந்தன. முதுமையில் நிலம் இரண்டரை ஏக்கராகச் சுருங்கியது. உழைப்பு அந்த அளவிற்குச் சுருங்கவில்லை. நூறு வயதைத் தாண்டிய பின்னும் வைகறையில் வயலுக்குச் சென்றுவந்தார்.

கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து இடம் பெயர்ந்து வந்தது 1906-இல். பிரேசர் டவுன் பணி தொடங்கியதும் அதே ஆண்டு என்பதை ஒரு வேடிக்கைக்காகக் குறிப்பிடுகிறேன். அக்கல்லூரி 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அப்பல்கலைக்கழகத்தோடு பாப்பம்மாளுக்கு நெடுநாள் தொடர்பு இருந்தது. அங்கே கூடிய விவசாயிகள் விவாதக் குழுவில் பங்குகொண்டார். வானொலியில் பேசுவோர் இதனைக் கேட்டு மகிழக் காரணம் உண்டு. 1966-இல் திருச்சி வானொலி நிலையம் பண்ணை ஒலிபரப்பைத் தொடங்கியபோது, தஞ்சைத் தரணியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே உழவர் பெயரிட்டனர். அறிஞர் சொல்ல உழவர் கேட்டல் என்னும் ஒருவழிப் பாதை அது. பாப்பம்மாள் போன்றோர் நேரிலே சென்று எதிர்க்கேள்வி கேட்கத் தொடங்கியபோதுதான் அப்பாதை இருவழியாயிற்று. இரசாயன உரத்தை நாடெங்கும் போற்றிய காலத்தைக் கடந்து, பின்னாளில் இயற்கை வேளாண்மைக்கு அவர் பெயர் பெற்றதும் இத்தொடர்பின் வழியே ஆகும்.

ஊர்ப் பொதுவாழ்விலும் அவர் ஒதுங்கி நிற்கவில்லை. தேக்கம்பட்டி ஊராட்சி உறுப்பினராகவும், காரமடை ஊராட்சி ஒன்றியக் கவுன்சிலராகவும் பணியாற்றினார். திராவிட முன்னேற்றக் கழகத்தில் நீண்டகால உறுப்பினர். 2021-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு பிப்ரவரியில் கோயம்புத்தூர் வந்த பிரதமர் நரேந்திர மோடி அவரைச் சந்தித்து வணங்கினார். 2024 செப்டம்பரில் கழகம் அவருக்குப் பெரியார் விருது வழங்கியது. எதிரெதிர் முகாம்களில் நிற்போர் ஒரே மூதாட்டியின் முன் தலைதாழ்த்தியது அரிய காட்சி.

விருது வந்ததும் பத்திரிகையாளர் பலர் நீண்ட ஆயுளின் இரகசியத்தைக் கேட்டு அவரை மொய்த்தனர். வாழை இலையில் உணவு, கீரை, காய்கறி என்று அடுக்கி, ஆட்டுக்கறிப் பிரியாணி அவருக்கு மிகப் பிடிக்கும் என்பதையும் எழுதினர். மசூதிச் சாலைப் பிரியாணியின் மணத்தில் வளர்ந்த பிரேசர் டவுன் அன்பர்கள் இதைப் படித்துப் பெரிதும் ஆறுதல் அடைந்திருப்பர்! ஆயினும் கேட்கவேண்டிய கேள்வி அதுவன்று என்றே தோன்றுகிறது. அநாதையான ஒரு பெண் நிலம் வாங்கியது எப்படி, அதைக் காத்தது எப்படி என்று கேட்டவர் மிகச் சிலரே. மூன்று தலைமுறைகளாக அக்கடையில் ஏறியிறங்கிய கணக்குகளை எவரேனும் உட்கார்ந்து எழுதி வாங்கியிருந்தால், கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் நூறாண்டு வரலாறே நமக்குக் கிடைத்திருக்கும்.

2024 செப்டம்பர் 27-ஆம் நாள் பாப்பம்மாள் தேக்கம்பட்டியில் காலமானார்.

பிரேசர் டவுன் அன்பர்களுக்கு அவ்வூர் தொலைவன்று. கண்டோன்மென்டு நிலையத்தில் இரவில் ரயிலேறினால் விடியுமுன் கோயம்புத்தூர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் ஒரு மணி நேரப் பயணம். அதன்பின் பவானியை ஒட்டிச் சில கல் தொலைவு.  "எங்களுக்கு ஆற்காட்டுப் பக்கம்" என்று சொல்வோர், ஊர் திரும்பும்போது வழியில் இறங்கித் தம் பாட்டனாரின் கிராமத்திற்குப் பேருந்து எது என்று விசாரிக்கலாம். அங்கும் ஒரு பாட்டி கடை வைத்திருக்கக்கூடும்.